எல்லாரும் சுற்றுகிற பக்கம்

வியாழக்கிழமை காலை பத்து இருபத்தைந்துக்குப் புவனேஸ்வரன் தன் கைப்பேசிக்கு வந்திருந்த ஒரு படத்தைத் திறந்தார். ஒரு வரைபடம், அதன் நடுவில் ஒரு சிவப்புக் குறி. டயர்க் கடையில் உட்கார்ந்திருந்தவர், பார்த்ததும் எழுந்துவிட்டார்.

விளையாட்டுக்காக அவர் பெட்டி ஒளித்து வைத்த இடத்தில் அந்தக் குறி இல்லை. முக்கால் கிலோமீட்டர் தள்ளி, செம்பனைத் தோட்டத்தின் பின்பக்கம், யாரோ மணல் தோண்டிவிட்டு அப்படியே போட்டுவிட்டுப் போன குழியின் மேல் இருந்தது. படத்துக்குக் கீழே, பெட்டி தேடும் குழுவில் அவரோடு இருக்கிற கிளாரன்ஸ் சார் எழுதியிருந்தார்: "கண்டுபிடிச்சாச்சு தம்பி. இன்னிக்குப் பெட்டி என் கையில." அனுப்பிய நேரம் ஒன்பது நாற்பது.

உடனே கிளாரன்ஸ் சாரை அழைத்தார். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். சார் இருப்பது கிளேபாங்கில். அங்கிருந்து இவர் இருக்கும் சிம்பாங் அம்பாட்டுக்கு நாற்பது நிமிடம், லூபோக் சீனா ரோட்டில் தோட்டம் வரைக்கும் இன்னும் பத்து நிமிடம். மனிதர் இந்நேரம் காரை நிறுத்தி இறங்கப்போகிறார். இறங்கினாரென்றால் கைப்பேசியைக் காரிலேயே வைத்துவிட்டு, இடம் காட்டும் ஒரு சின்னக் கருவியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார். விளையாட்டு என்றால் விளையாட்டு, நடுவில் போன் எதற்கு என்பது அவர் கட்சி. குழுவில் எல்லாருக்கும் அது தெரியும்.

புவனேஸ்வரன் வேனை நோக்கி ஓடினார். வேன் ஜாக்கியின் மேல் நின்றது. கழற்றிய முன்சக்கரம் இரண்டும் தரையில் கிடந்தன. டயர்க் கடைக்காரர் தினேஷ்வரன் அப்போதுதான் பழைய டயரை உரித்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டதற்குப் பன்னிரண்டு நிமிடம் என்றார். மோட்டார் சைக்கிள் இருக்கிறதா என்றால், அதைத் தன் மனைவி பசார் சந்தைக்கு எடுத்துப் போயிருக்கிறாள் என்றார். அவசரம், ஓர் ஆள் சாகக் கிடக்கிறார் என்று புவனேஸ்வரன் சொன்னதும் தினேஷ்வரன் டயரின் மேல் குனிந்தார்.

அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் புவனேஸ்வரனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்பதைத் தவிர அவருக்கும் அப்போது வேறு வேலை இல்லை.

வயது ஐம்பத்தாறு. பிறந்தது அந்தத் தோட்டத்தில்தான். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு இருபது வருடம் செம்பனைக் குலை வெட்டினார். ஒரு நாள் அண்ணாந்து வெட்டும்போது முதுகில் ஏதோ பிசகியது. இனிமேல் தலைக்கு மேல் கையைத் தூக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். கைக்கு வந்த பணத்தில் வேன் வாங்கினார். பத்தொன்பது வருடமாகத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். அதே பள்ளியின் கேண்டீனில்தான் மனைவி மீனம்மாவும் சமைக்கிறார். காலை ஏழரைக்குப் பிள்ளைகளை இறக்கிவிட்டால் பன்னிரண்டே முக்கால் வரை வேன் சும்மா நிற்கும், ஆளும் சும்மா இருப்பார்.

அந்த ஐந்து மணி நேரத்தில்தான் அவர் உலகம் சுற்றினார். தெருத்தெருவாகப் படமெடுத்து வைத்திருக்கிறார்களே, அந்த வரைபடத்தில். விரலால் ஒரு தட்டு தட்டினால் ஓர் எட்டு முன்னால் போகும். பாரிஸின் இரும்புக் கோபுரத்துக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறார், முதுகு வலிக்காமல். லண்டன் மணிக்கூண்டு, தாஜ்மகால், எகிப்தின் முக்கோணக் கட்டடங்கள் எல்லாம் அவருக்குப் பக்கத்துக் கம்பத்துக் கிராமம் மாதிரி. பாஸ்போர்ட்டும் இரண்டு தடவை எடுத்தார். முதல் தடவை மகள் கல்யாணம் வந்தது, இரண்டாம் தடவை வேனின் எஞ்சின் போனது. இரண்டு புத்தகமும் ஒரு முத்திரைகூட விழாமல் காலாவதியாகிப் பீரோவில் இருக்கின்றன. அதற்காக அவர் வருத்தப்பட்டதாக யாரிடமும் சொன்னதில்லை. எதையுமே யாரிடமும் சொல்லாத ஆள்.

அதுதான் அவரிடம் உள்ள வியாதி. ஆள் தங்கமானவர், ஆனால் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்வது என்பது அவர் பிறவியிலேயே இல்லை. மணி என்ன அங்கிள் என்று பிள்ளைகள் கேட்டால், வெயிலைப் பார் என்பார். இன்றைக்கு மீனா, கோழியா என்று மனைவி கேட்டால், சமைக்கிறவங்களுக்குத் தெரியாதா என்பார். இந்த மனிதரிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் லாட்டரியில் முதல் பரிசே வாங்கிவிடலாம் என்று மீனம்மா கேண்டீன் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். இவருக்கு அதில் பெருமை வேறு.

இப்படிப்பட்டவருக்குப் பெட்டி விளையாட்டு கிடைத்தால் கேட்கவா வேண்டும். ஒருவர் சின்னப் பெட்டி ஒன்றை எங்காவது ஒளித்து வைத்துவிட்டு, அந்த இடத்தின் எண்களை மட்டும் வெளியிடுவார். மற்றவர்கள் அந்த எண்களைப் பிடித்துக்கொண்டு போய்த் தேடி, உள்ளே இருக்கும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்ப வைத்துவிட வேண்டும். உலகம் முழுக்க விளையாடுகிறார்கள். மலாக்காத் தமிழர்கள் முப்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்கள். சிலர் எண்களை நேரே தராமல் புதிராகப் போடுவார்கள். புவனேஸ்வரனும் போன வாரம் முதல் தடவையாக ஒரு புதிர் போட்டார். மூன்று மாதம் இழைத்து இழைத்துச் செய்த புதிர்.

ஐந்து ஊர், ஒரு பெட்டி. கைப்பேசியிலேயே ஐந்து ஊருக்கும் போக வேண்டும், ஒவ்வோர் ஊரிலும் ஒரு பொருளை எண்ண வேண்டும், ஐந்து எண்ணையும் வரிசையில் பொருத்தினால் இடம் வரும். மூன்றாவது ஊர் ரோம். அதற்கு அவர் எழுதிய வரி இது: "பெரிய வாசலில் தொடங்கி வட்ட அரங்கத்தைச் சுற்றி வா. முதலில் வரும் பெஞ்சில் எத்தனை பேர்?" எல்லாவற்றுக்கும் கடைசியில், சும்மா ஒரு கெத்துக்காக, "பயந்தவனுக்குப் பெட்டி இல்லை" என்று ஒரு வரியையும் சேர்த்தார். பயப்பட அங்கே ஒன்றுமே கிடையாது. பெட்டி இருந்தது மெயின் ரோட்டு பஸ் நிறுத்தத்தில், சிமெண்டு பெஞ்சுக்கு அடியில். சின்னப் பிள்ளைகூட எடுத்துவிடும்.

வெளியிடுவதற்கு முன் நண்பர் காந்தனை விட்டுச் சோதித்தும் பார்த்தார். காந்தன் மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரர். ஒரு தடவையிலேயே சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

சக்கரம் ஒன்று ஏறிவிட்டது. ஏழாவது தடவையாக மணி அடித்து ஓய்ந்தது. புவனேஸ்வரன் அழைப்பதை விட்டுவிட்டுப் படத்தைப் பெரிதாக்கி, கிளாரன்ஸ் சாரின் எண்களைத் தன் எண்களோடு வைத்துப் பார்த்தார். நான்கு எண்கள் சரி. மூன்றாவது மட்டும் வேறு. இவருடையது இரண்டு, அவருடையது ஆறு.

ரோமுக்குப் போனார். பெரிய வாசலில் தொடங்கி, அரங்கம் வலக்கைப் பக்கம் இருக்க நகர்ந்தார். அவர் எப்போதும் போகிற வழி. பெஞ்சு வந்தது, முகம் மங்கலாக்கப்பட்ட ஒரு கிழவரும் கிழவியும் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு பேர்தான். இதில் ஆறு பேர் எங்கிருந்து வந்தார்கள்? மறுபடி வாசலுக்கு வந்தார். அப்புறம்தான், வாழ்க்கையில் முதல் தடவையாக, எதிர்ப்பக்கம் தட்டினார். அரங்கத்தை இடக்கைப் பக்கம் வைத்துப் பத்துப் பதினைந்து தட்டு. ஒரு பெஞ்சு வந்தது. அதில் நெருக்கியடித்துக்கொண்டு ஆறு பெண்பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த மூன்று மாதத்தில் அந்தப் பக்கமாக அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை. காந்தனும் போகவில்லை. எப்படிப் போவார்கள்? பிறந்ததிலிருந்து கோயிலைச் சுற்றுவது வலமாக, அரச மரத்தைச் சுற்றுவது வலமாக, ஆரத்தித் தட்டைச் சுற்றுவதும் வலமாக. இடமாகச் சுற்றுவது பிணத்தைத்தான். சுற்றி வா என்று எழுதினால் எந்தப் பக்கம் என்று சேர்த்து எழுத வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

தோன்றாததுகூடப் போகட்டும், மறந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் கிளாரன்ஸ் சார் கேட்டிருந்தார். நேற்று, புதன்கிழமை, பதினோரு மணிக்கு. புவனேஸ்வரன் விரலால் மேலே தள்ளிப் பார்த்தார். அங்கேதான் இருந்தது.

"ரோம்ல ஒரு சந்தேகம் தம்பி. எந்தப் பக்கமா சுத்தணும்?"

கீழே இவருடைய பதில்:

"சுத்துறதுக்கு எத்தன பக்கம் சார் இருக்கு? எல்லாரும் சுத்துற பக்கம்தான்லா."

சார் விடையைக் கறக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, சிரித்தபடி அடித்து அனுப்பிய பதில். அதை நேற்று மாலை மீனம்மாவிடம்கூடப் படித்துக் காட்டினார். இப்போது அதைப் படிக்கையில் தன் வாயிலேயே நாலு போடலாம் போல இருந்தது.

இரண்டாவது சக்கரம் ஏறியது. பின்சீட்டுக்கு அடியில் வண்டி இழுக்கும் கயிறு ஒன்று எப்போதும் கிடக்கும். அது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். போன வருடம் ஓர் எருமை அந்தக் குழியில் இறங்கிய கதை அவருக்கு நினைவு வந்தது. கரை மேலே பார்த்தால் கெட்டி மண் மாதிரி, புல்லும் முளைத்திருக்கும். கால் வைத்தால் அப்படியே சரிந்துவிடும். எருமையை எடுக்கவே முடியவில்லை.

ஓட்டிக்கொண்டே மீனம்மாவை அழைத்தார். என்ன ஆச்சு என்று அவர் கேட்டார். பதில் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர், அன்றைக்கு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். பெட்டி எங்கே, சார் எங்கே, தான் நேற்று எழுதியது என்ன, குழிக்கு எந்த லாரிப் பாதையில் வர வேண்டும், தீயணைப்புப் படையான பொம்பாவுக்கு உடனே போன் செய்ய வேண்டும், பன்னிரண்டே முக்காலுக்குப் பிள்ளைகளை ஏற்ற வேறு வேன் பிடிக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் மீனம்மா, சரி, நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் குழிக்கிட்டே போய்விடாதீர்கள் என்றார்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தோட்டத்துக்குள் திரும்பினார். மணல் லாரிகள் போன பழைய பாதையின் முனையில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. கண்ணாடி வழியாகப் பார்த்தார். பக்கத்துச் சீட்டில் ஒரு கைப்பேசி கிடந்தது. இவர் தன்னுடையதிலிருந்து அழைத்ததும் அது வெளிச்சம் போட்டு அதிர்ந்தது. ஆள் இல்லை.

சார் என்று கத்தினார். செம்பனைக்குள் குரல் நாலு நிரை தாண்டாது. ஓலை எல்லாவற்றையும் குடித்துவிடும். எந்தப் பக்கம் போயிருப்பார்? அதைச் சொல்ல ஒரே ஒரு வழிதான் இருந்தது. புவனேஸ்வரன் கைப்பேசியில் தன் புதிரின் மூன்றாவது எண்ணை அழித்துவிட்டு ஆறு என்று போட்டார். தான் செய்த புதிர் காட்டிய தப்பான வழியிலேயே, கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

ஐம்பத்தாறு வயது, பிசகிய முதுகு, பத்தொன்பது வருடம் உட்கார்ந்தே இருந்த உடம்பு. நூறு மீட்டரில் மூச்சு இரைத்தது. வழியில் ஓர் இடத்தில் ஈர மண்ணில் ரப்பர்க் காலணித் தடம் தெரிந்தது, அப்புறம் இன்னொன்று. தடம் நேராகப் போனது. வளைந்து பார்க்கவில்லை, தயங்கி நிற்கவில்லை. பயந்தவனுக்குப் பெட்டி இல்லை என்று எழுதியிருந்தால் ஒரு விளையாட்டு வாத்தியார் எப்படித் தயங்குவார்?

கிளாரன்ஸ் சாரை அவர் நேரில் பார்த்ததே இல்லை. குழுவில் எழுதுவதை வைத்துத்தான் பழக்கம். அறுபத்து நான்கு வயது, பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இல்லை, மகன் டாரியஸ் ஜொகூரில். போன வருடம் வலது முழங்காலை மாற்றிக்கொண்டவர். புது முட்டி வந்த பிறகு முப்பத்தொரு பெட்டி எடுத்துவிட்டேன் என்று போன வாரம்தான் எழுதியிருந்தார்.

மரங்கள் முடிந்து லாலான் புல் தொடங்கியது. அங்கே நின்று மறுபடி கத்தினார். ஒன்றும் இல்லை. காது அடைத்த மாதிரி இருந்தது. அப்போது எங்கிருந்தோ விசில் சத்தம் கேட்டது. பலமாக இல்லை. விளையாட்டுத் திடலில் ஊதுகிற விசில், ஆனால் ஊதுகிறவரிடம் காற்று இல்லை. கொஞ்சம் ஊதியது, நின்றது, மறுபடி ஊதியது.

புவனேஸ்வரன் குப்புறப் படுத்து ஊர்ந்தார். கரையின் விளிம்பு புதிதாக உடைந்திருந்தது. பத்தடி கீழே, பழுப்புத் தண்ணீரின் ஓரத்தில், மார்பு வரை சேற்றில் ஒரு மனிதர். தலை நரைத்து, வெயிலில் சிவந்து, பற்களுக்கு நடுவே ஒரு விசில். கை இரண்டும் கரையில் நீட்டியிருந்த ஒரு வேரைப் பிடித்திருந்தன. வேர் பாதி வெளியே வந்துவிட்டது.

"சார், அசையாதீங்க. நான் புவன்."

கிளாரன்ஸ் சார் விசிலைத் துப்பினார். கால் இரண்டும் உள்ளே இழுக்குது தம்பி என்றார். முட்டி திரும்பிவிட்டதாம், வலி தெரியவில்லையாம், அதுதான் பயமாக இருக்கிறது என்றார். அவ்வளவு சொல்வதற்குள் கண் சொருகியது.

பொம்பா வர அரை மணி நேரம் ஆகும். அந்த வேர் அரை மணி நேரம் தாங்காது. புவனேஸ்வரனுக்கு நீச்சல் தெரியாது. ஆனால் இருபது வருடம் சதுப்பு நிலத்தில் குலை வெட்டியவருக்குச் சேற்றைத் தெரியும். மழைக்காலத்தில் தள்ளுவண்டி புதையாமல் இருக்க வெட்டிய மட்டைகளைக் குறுக்கே பரப்பி அதன் மேல்தான் தள்ளுவார்கள். அவர் மரங்களுக்குத் திரும்பி ஓடினார். நிரைகளுக்கு நடுவே அடுக்கிக் கிடந்த மட்டைகளில் ஒன்றை இழுத்தார். முள் உள்ளங்கையைக் கிழித்தது. முதுகில் பத்தொன்பது வருடத்துக்கு முந்திய அதே இடம் சுருக்கென்றது. எட்டு மட்டைகளை இழுத்து வந்து போட்டார்.

கயிற்றின் ஒரு முனையைக் கடைசி மரத்தில் கட்டினார், நடுவில் தன் இடுப்பைக் கட்டினார். கரை சரிந்திருந்த இடத்தில் மட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாகச் சறுக்கி விட்டார். பிறகு மீனம்மா செய்யாதே என்று சொன்னதைச் செய்தார். மல்லாந்து, கால் முன்னால் போக, மட்டைகளின் மேல் சறுக்கி இறங்கினார். மட்டை அமிழ்ந்தது. இடுப்பு வரை சேறு ஏறியது. சரி, இதோடு முடிந்தது என்று நினைத்தார். மட்டை அதற்கு மேல் அமிழவில்லை.

கயிற்றின் மறுமுனையைக் கிளாரன்ஸ் சாரின் கக்கத்துக்குக் கீழே சுற்றி முடிச்சுப் போடும்போதுதான் வேர் கையோடு வந்தது. சார் கழுத்து வரை போனார். புவனேஸ்வரன் அவர் சட்டையின் பின்கழுத்தைப் பிடித்து, மட்டையின் மேல் படுத்துக்கொண்டு, தன் முழுப் பாரத்தையும் பின்னால் போட்டார். மேலே இழுத்துவிட முடியாது என்று தெரியும். இழுக்கவும் முயலவில்லை. விடாமல் இருந்தால் போதும். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தார் என்று அவருக்கு அப்போதும் தெரியவில்லை, பிற்பாடு கேட்டபோதும் சொல்லத் தெரியவில்லை. சார் மட்டும் நடுவில் ஒரு தடவை வாயைத் திறந்தார்.

"பெட்டி இங்கதானா தம்பி?"

"இல்ல சார். இங்க இல்ல."

சாருக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. பதினொன்றே முக்காலுக்கு மேலே பொம்பாக்காரர்களின் குரல் கேட்டது. மீனம்மா சொன்ன லாரிப் பாதையில் நேரே வந்திருந்தார்கள்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் வார்டுக்கு வெளியே புவனேஸ்வரன் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை இரண்டிலும் கட்டு. பக்கத்தில் மீனம்மா. ஜொகூரிலிருந்து காரை விரட்டிக்கொண்டு வந்த டாரியஸ் நேராக அவரிடம் வந்து, அந்தக் கட்டுப் போட்ட கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். முப்பத்தைந்து வயது ஆள், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. நீங்கள் மட்டும் போகவில்லையென்றால் அப்பா இல்லை அங்கிள் என்றான். உள்ளே வாங்க, அப்பா முழித்துவிட்டார் என்று இழுத்துக்கொண்டு போனான்.

கிளாரன்ஸ் சாரின் கால் கட்டோடு தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. முட்டியை மறுபடி திறக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். டாரியஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டே இருந்தான். எந்த மடையன் இந்தப் புதிரைப் போட்டான் என்று கண்டுபிடிக்கப் போகிறானாம், போலீஸில் ரிப்போர்ட் கொடுக்கப் போகிறானாம், வயதானவர்களைக் குழியில் இறக்குவதா விளையாட்டு என்று கேட்டான்.

கிளாரன்ஸ் சார் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதிர் யாருடையது என்று அவர் மகனிடம் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை என்று புவனேஸ்வரனுக்குப் புரிந்தது. இவரும் பேசாமல் இருந்தால் போதும், காலம் முழுக்க இந்தக் குடும்பத்துக்கு இவர்தான் தெய்வம். பேசாமல் இருப்பது இவருக்குக் கைவந்த கலையும்கூட. வாசலில் நின்ற மீனம்மா கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் புதிரைப் போட்டது நான்தான் தம்பி" என்றார் புவனேஸ்வரன்.

டாரியஸ் முதலில் சிரித்தான். அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு, இதுவரை பிடித்திருந்த கையை மெல்ல விட்டான். புவனேஸ்வரன் ரோமைப் பற்றிச் சொன்னார், இரண்டு பேரையும் ஆறு பேரையும் சொன்னார், பெட்டி அந்தக் குழியில் இல்லவே இல்லை என்பதைச் சொன்னார், புதன்கிழமை எழுதிய பதிலை வார்த்தை மாறாமல் சொன்னார். டாரியஸ் வெளியே போய்விட்டான். அவன் போனதில் ஒரு தப்பும் இல்லை.

கிளாரன்ஸ் சார்தான் காரணத்தைச் சொன்னார். முப்பது வருடம் பிள்ளைகளை ஓடவிட்டவர் அவர். ஓட்டத் திடலில் எல்லாரும் இடது கை உள்பக்கம் இருக்கத்தான் ஓடுவார்கள், உலகத்தில் எந்தத் திடலிலும் அப்படித்தான். எல்லாரும் சுற்றுகிற பக்கம் என்று இவர் எழுதியதும் அவருக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் போய்விட்டதாம்.

"அதான் நேத்தே கேட்டேன்ல தம்பி" என்றார். அதில் கோபம்கூட இல்லை. திட்டியிருந்தால் புவனேஸ்வரன் தாங்கிக்கொண்டிருப்பார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்றைக்கே அவர் புதிரை எடுத்துவிட்டார். குழுவில் நடந்ததை எழுதி, மன்னிப்புக் கேட்டு, வெளியேறினார். காந்தனும் அவரும் போய்க் குழியைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டினார்கள். குழியை மூடச் சொல்லி அரசாங்க அலுவலகங்களுக்கு நடந்தார்கள். தோண்டியது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை. பஸ் நிறுத்தத்தின் பக்கம் மட்டும் அவர் போகவில்லை. போய்ப் பெட்டியை எடுக்க மனம் வரவில்லை. வேனில் உட்கார்ந்து பாரிஸ் பார்ப்பதும் நின்றது. பிள்ளைகள் மணி கேட்டால் மணியைச் சொன்னார், அவர்களுக்கே அது வேடிக்கையாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கு வெளியே வேனில் உட்கார்ந்திருக்கும்போது செய்தி வந்தது. கிளாரன்ஸ் சார்.

"வாக்கரை விட்டாச்சு தம்பி. புதிரை எதுக்கு எடுத்தீங்க? ரோம்ல வலமா சுத்தினா ரெண்டு பேர். சரியா?"

புவனேஸ்வரன் வாழ்க்கையில் எழுதிய மிக நீளமான பதிலை அடித்தார். பெட்டி லூபோக் சீனா ரோட்டு பஸ் நிறுத்தத்தில் இருக்கிறது, பெஞ்சுக்கு அடியில், இடது காலுக்குப் பின்னால், நீலக் கலர், குனிய வேண்டாம், கையை விட்டாலே போதும், காரை எதிர்ப்பக்கம் நிறுத்துங்கள், தனியாக வராதீர்கள், நானே வந்து கூட்டிப்போகிறேன். அனுப்பிவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

பதில் ஒரு நிமிடத்தில் வந்தது.

"இம்புட்டும் சொல்லிட்டா நான் எதத் தேடறது? நான் கேட்டது ஒண்ணுதான் தம்பி. அதுக்கு மட்டும் சொல்லுங்க."

அவர் அதை மூன்று தடவை படித்தார். பிறகு "ஆமா சார், ரெண்டு" என்று எழுதி அனுப்பினார். அனுப்பியதும் அழுகை வந்துவிட்டது. ஸ்டீயரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அந்தக் குழியில் அழாததையும் ஆஸ்பத்திரியில் அழாததையும் சேர்த்து அழுதார். பன்னிரண்டே முக்காலுக்குப் பள்ளி மணி அடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இறங்கிப் போய்ப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்துவிட்டார்.